மூன்றாவது பந்துக்கும் அதே வீச்சு

நார்த்மீட், சிட்னி
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதினால் பாதி பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, உங்கள் மச்சாள் கௌரிக்கு மட்டும் வழக்கமான கழுத்து நோ. உங்கள் முழங்காலும் அத்தானின் சீனி வருத்தமும் சொல்வழி கேட்கின்றனவா? போன கிழமை போனில் நான் சத்தம் போட்டதை மனதில் வைத்திருக்காதீர்கள். நீங்களும்தான் போட்டீர்கள். இந்த விஷயத்தைப் போனில் எடுத்தாலே யாராவது ஒருவர் இடையில் வெட்டிவிடுகிறோம். அதோடு லக்சிகா வீட்டில் இருந்துதான் வேலை செய்கிறாள், இந்த வீட்டுச் சுவர்களோ பேருக்குத்தான் சுவர்கள். ஆகவே எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

மகள் லக்சிகா ஒரு பெடியனைக் கலியாணம் செய்யப் போகிறாளாம். எங்களிடம் கேட்கவில்லை, அறிவித்தாள். பெயர் சுகிர்தன். ஊர் பருத்தித்துறைப் பக்கம். உங்கள் ஸ்பிரிங்வேலுக்குக் கிட்ட ஒரு டயர் கடையில் வேலை. அவள் உங்கள் வீட்டில் தங்கிப் படித்த காலத்தில் தொடங்கிய பழக்கமாம். உங்களைக் குறை சொல்லவில்லை. சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால் நான் என்ன செய்ய?

எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் அவன் பேஸ்போல் விளையாடுகிறானாம். எங்கள் பெடியன்களில் யார் அக்கா பேஸ்போல் விளையாடுகிறார்கள்? கிரிக்கெட்டுக்கு என்ன குறை வந்தது? பந்தைத் தூர அடிப்பதில் அவனை மிஞ்ச அந்த அணியில் ஆள் இல்லை என்று இவள் பெருமை பேசுகிறாள்.

எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேச முன்னர் விசாரிப்பது போல நீங்கள் ஒருக்கால் விசாரித்துச் சொல்லுங்கள். அவன் வீட்டுக்குப் போக வேண்டாம், கதைக்கவும் வேண்டாம். அந்த விளையாட்டு நடக்கும் இடத்துக்குப் போய் ஆள் தெரியாமல் இருந்து பாருங்கள். ஒருவன் தோற்கும் நேரத்தில் எப்படி நடக்கிறான் என்று தெரிந்தால் போதும், மிச்சம் எனக்கு விளங்கும்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும் தம்பி,
சிறிதரன்


ஸ்பிரிங்வேல், மெல்பேர்ன்
20 அக்டோபர் 2024

அன்புத் தம்பி சிறிக்கு,

முழங்கால் படியேறும்போது மட்டும் தான் இருப்பதைக் காட்டுகிறது. உன் அத்தானுக்குச் சீனி இறங்கிவிட்டது. அடுத்த லட்டுவரைக்கும் இப்படியே இருக்கும்.

நேற்றுப் போனோம். மடக்குக் கதிரை இரண்டு, ஒரு குடை, ஒரு போத்தல் தேத்தண்ணி. உளவு பார்க்கிற கிழவி சேலையோடு போகலாமா? அத்தானின் தொப்பியை மாட்டிக்கொண்டு களிசானோடு போனேன். அங்கே பார்த்தால் மைதானத்தில் தமிழ் முகம் மூன்றுதான். நான், உன் அத்தான், மாப்பிள்ளை. நீ சொன்ன ஒளிப்பு எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பார்.

எனக்கு விளங்கிய அளவில் விளையாட்டைச் சொல்கிறேன். ஒருவன் எறிகிறான், மற்றவன் ஓர் உருண்டை மட்டையால் அடிக்கப் பார்க்கிறான். மூன்று தடவை வீசியும் படாவிட்டால் வெளியே போக வேண்டும். அதற்கு ஸ்ட்ரைக் அவுட் என்று பெயர் என்று பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் சொல்லித் தந்தார். பெடியன் நல்ல உயரம், தோள் அகலம். வந்தான். மூன்று வீச்சு, மூன்றும் காற்றுக்கு. போய்விட்டான். இரண்டாம் முறையும் அதுவே. மூன்றாம் முறை வீசிய வீச்சில் தானே ஒரு சுற்றுச் சுற்றி முழங்காலில் விழுந்தான். எனக்கு வெட்கமாகப் போய் உன் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். ஆனால் சுற்றி இருந்தவர்கள் கை தட்டுகிறார்கள்! “குட் ஸ்விங், சுகி!” என்று கத்துகிறார்கள். பாவம் பார்த்துத் தட்டுகிறார்களா, பகிடி பண்ணுகிறார்களா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவனோ எழும்பி மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்து தண்ணீர் குடிக்கிறான்.

ஆக உன் கேள்விக்குப் பதில், தோற்கும்போது சிரிக்கிறான். அது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதே.

நாலாம் முறை என்னவோ பெரிதாக அடித்தானாம். பந்து வேலியைத் தாண்டிக் கார்கள் நிற்கும் இடத்தில் போய் விழுந்ததாம். அந்த நேரம் பார்த்து நான் குனிந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எல்லாரும் எழும்பி நிற்கிறார்கள். அத்தான் கண்டவர், ஆனால் “பெரிய அடி” என்பதற்கு மேல் அவரிடம் ஒரு சொல் வாங்க முடியவில்லை.

இனி, நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். சுகிர்தன் இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், பள்ளிக்கூட வயதில், சித்தப்பாவோடு படகில் வந்தவன். அகதி விண்ணப்பம் இரண்டு இடத்தில் தள்ளுபடியாகி இப்போது கோர்ட்டில் நிற்கிறது. தற்காலிக விசாவில்தான் வேலை செய்கிறான். இது இங்கே எல்லாருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?

கௌரியின் கழுத்துக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசச் சொல்.

அன்புடன் அக்கா,
சத்தியபாமா


நார்த்மீட்
2 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நல்லெண்ணெய் பூசியாயிற்று. கழுத்து அப்படியே இருக்கிறது, தலையணை உறைதான் வீணாய்ப் போனது. நான் நல்ல சுகம்.

நீங்கள் கண்ணால் கண்டதை நான் எண்களில் சரிபார்த்தேன். முப்பது வருடக் கணக்காய்வாளன் வேறு என்ன செய்வான்? அந்தக் கிளப் ஒவ்வொரு ஆட்டக்காரரின் கணக்கையும் இணையத்தில் போடுகிறது. சுகிர்தன் நூறு தடவை மட்டை பிடித்தால் முப்பத்துமூன்று தடவை ஸ்ட்ரைக் அவுட். மூன்றில் ஒன்று! கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன், அதே எண்தான். அணியில் ஹோம் ரன் அதிகமும் அவனுடையதுதான். அதை மறைக்கவில்லை, ஹோம் ரன் என்றால் நீங்கள் காணாமல் விட்ட அந்த அடி.

விளையாட்டே அப்படித்தானோ என்று நியாயம் பார்த்து அமெரிக்கப் பழைய கணக்குகளையும் தேடினேன். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் பந்தை வேலிக்கு மேலால் அனுப்பிய பெரிய ஆட்களின் எண்ணைப் பார்க்க வேண்டும். நூறுக்குப் பத்து, பன்னிரண்டு. மோசமானவர்களுக்கும் இருபது வருவது அருமை. சிலர் ஒரு சீசனில் அடித்த ஹோம் ரன்னை விட ஸ்ட்ரைக் அவுட் குறைவு. அவர்களோடு பார்த்தால் இவன் மூன்று மடங்கு மோசம்.

நான் கல்லூரி அணியில் தொடக்க ஆட்டக்காரனாக இருந்தது உங்களுக்குத் தெரியும். விக்கெட்டைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். ஆட்டமிழந்து வரும்போது தலை குனிந்து வருவோம், அன்று இரவு வீட்டில் வாய் திறக்கமாட்டோம். மூன்றில் ஒரு தடவை பந்தைத் தொடாமலே வெளியே வந்து, அதற்கும் சிரிக்கிற ஒருவனை நம்பி ஒரு பெண்ணை எப்படிக் கொடுப்பது? கவனம் இல்லாதவன் என்றுதான் எனக்குப் படுகிறது. மற்ற விஷயங்களைப் பிறகு எழுதுகிறேன்.

அத்தானுக்கு லட்டு கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
சிறிதரன்


ஸ்பிரிங்வேல்
17 நவம்பர் 2024

அன்புத் தம்பி,

நானும் அத்தானும் சுகம். லட்டு டப்பாவை உடுப்பு அலுமாரியில் ஒளித்துவிட்டேன்.

நீ கல்லூரியில் சாப்பாட்டு நேரம்வரை நின்று ஆடினாய், எனக்கு நல்ல ஞாபகம். ஓட்டம் எத்தனை எடுத்தாய் என்றுதான் ஞாபகம் இல்லை. உன் பக்கம் இருந்தவர்களே கொட்டாவி விட்டார்கள்.

சரி, செய்திக்கு வருகிறேன். உன் உளவுக்காரி பிடிபட்டுவிட்டாள். நேற்று மூன்றாவது சனிக்கிழமையாகப் போனோம். ஆட்டம் முடிந்து கதிரையை மடக்கிக்கொண்டிருக்கிறேன், பின்னால் ஒரு குரல்.

“அன்ரி, தாங்கோ, நான் தூக்கிறன். கார் எங்க நிக்குது?”

பார்த்தால் இவன். நான் தொப்பியை இழுத்துவிட்டேன்.

“நீங்கள் லக்சியின்ர மாமிதானே? முதல் கிழமையே கண்டனான். பயந்து போவியள் எண்டு பேசாமல் இருந்தனான்.”

பயந்து போவேனாம்! உன் அத்தான் அந்த இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகென்ன, வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டேன். நல்லாய்ச் சாப்பிட்டான். தட்டைத் தானே கழுவினான், குசினியில் நான் தடுத்தும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னர், சமைக்கும்போதே, உன் முப்பத்துமூன்றை அவனிடமே கேட்டேன். மறைக்கத் தெரியாது எனக்கு.

“ஓம் அன்ரி, சரியான கணக்குத்தான்” என்றான். கோபம் இல்லை. முந்திய காலத்தில் இரண்டு வீச்சுத் தவறிவிட்டால் மட்டையைக் கொஞ்சம் மேலே பிடித்து, மெல்லத் தட்டி எப்படியாவது பந்தில் பட வைக்கப் பார்ப்பார்களாம். இப்போது அப்படி இல்லையாம்.

“இப்ப மூண்டாவது பந்துக்கும் அதே வீச்சுத்தான், அன்ரி. மெல்லத் தட்டி அவுட் ஆனாலும் அவுட்தானே? அவுட் ஆகிறதெண்டால் முழுசா வீசிப்போட்டு ஆவம்.”

எனக்கு இது சரியாகவும் படுகிறது, பிழையாகவும் படுகிறது. அதையே யோசித்துக்கொண்டு நின்று மீன் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அவன் அதையும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

கோர்ட்டுத் தீர்ப்பு மாசி மாதத்தளவில் வரலாமாம். கேட்டேன், சொன்னான். நீ இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

அக்கா,
சத்தியபாமா


நார்த்மீட்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

சுகம்தான். இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட என்று டொக்டர் சொன்னார். கவலைப்பட ஒன்றுமில்லை.

பெடியன் சொன்னதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அந்த அமெரிக்கக் கணக்குகளைப் பத்துப் பத்து வருடமாகப் பிரித்துப் பார்த்தேன். அக்கா, அவன் சொன்னது உண்மை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் முழு விளையாட்டிலும் பத்துக்கு ஒன்று ஸ்ட்ரைக் அவுட். அறுபதுகளில் ஏறுகிறது, எழுபதுகளில் சற்று இறங்குகிறது, எண்பதுகளுக்குப் பிறகு இறங்கவே மனமில்லை. இப்போது ஐந்துக்கு ஒன்றையும் தாண்டிவிட்டது. தூர அடிப்பவர்களில் சிலருக்கு மூன்றுக்கு ஒன்று. முன்னர் ஒருவன் சீசனில் நூறு தடவை இப்படிப் போனால் தலை காட்டமாட்டான். இப்போது இருநூறு தடவை போனவனை அடுத்த வருடமும் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். ஆக நான் இவனைப் பிழையான காலத்து ஆட்களோடு ஒப்பிட்டிருக்கிறேன். கணக்காய்வில் இதைச் செய்திருந்தால் என்னை வேலையிலிருந்தே நிறுத்தியிருப்பார்கள்.

ஆனால் எனக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. நடுவில் ஏதோ ஒரு வருடத்தில் இந்த வெட்கம் போயிருக்க வேண்டும் அல்லவா? எந்த வருடம்? யார் அதை முடிவு செய்தார்கள்? எண்களில் அந்த இடத்தைத் தேடுகிறேன், அகப்படவில்லை.

என்னோடு வேலை செய்யும் பிரதீப்குமாரிடம் கேட்டேன். கோயம்புத்தூர்க்காரர், ஹோம்புஷில் இருக்கிறார், விளையாட்டுப் புள்ளிவிவரங்களில் பைத்தியம்.

“சார், பேஸ்பால்ல மெதுவா தட்டுனா பந்து நேரா ஃபீல்டர் கைக்குத்தான் போகும். சில சமயம் ரெண்டு பேர் சேர்ந்து அவுட் ஆயிடுவாங்க. அதுக்கு இவன் ஒருத்தன் மட்டும் அவுட் ஆகிட்டுப் போறது எவ்வளவோ மேல். பந்து போடறவனும் முன்ன மாதிரி இல்ல. ஆளை மாத்தி மாத்தி விடறாங்க, வர்றவன் எல்லாம் முழு வேகத்துல எறிஞ்சிட்டுப் போறான். தொடறதே கஷ்டம். அதனால தொட்டா பெருசா தொடணும்னு பார்க்கறாங்க” என்றார்.

எல்லாம் விளங்குகிறது, ஒன்றும் விளங்கவில்லை. அன்று சாப்பாட்டு நேரத்தில் மகளிடம் சொன்னேன்.

“பிள்ளை, காரணம் ஆயிரம் இருக்கட்டும். இத்தினை தரம் அவுட் ஆகிறவனை எப்பிடி நம்புறது?”

“இட்ஸ் ஜஸ்ட் ஆன் அவுட், அப்பா” என்றாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டுத் தமிழில் கேட்டாள். “நீங்கள் உண்மையா என்ன கேக்கிறியள்?”

“அவுட்டைத்தான் கேக்கிறன்” என்றேன்.

எழும்பிப் போய்விட்டாள். போகும்போது ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

உங்கள் தம்பி,
சிறிதரன்


ஸ்பிரிங்வேல்
18 டிசம்பர் 2024

சிறி,

உன் இரத்த அழுத்தம் ஏன் கூடாது? நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். ஐம்பதாம் ஆண்டு, அறுபதாம் ஆண்டு, அமெரிக்கா, கோயம்புத்தூர் எல்லாம் வந்துவிட்டது. விசா என்ற சொல் மட்டும் இன்னும் வரவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

உன்னைத் தொட்டிலில் ஆட்டியவள் நான். அந்தப் பந்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? படகில் வந்தவன் என்பது உனக்குக் குறைச்சலா? டயர் கடை குறைச்சலா? நார்த்மீட்டில் உன் கூட்டாளிகள் என்ன சொல்வார்கள் என்று பார்க்கிறாயா? எதுவென்றாலும் வாயைத் திறந்து சொல். சொன்னால் சண்டையாவது பிடிக்கலாம். இப்படி ஸ்ட்ரைக் அவுட்டைப் பற்றியே எழுதுகிறவனோடு நான் என்னத்தைச் சண்டை பிடிக்க?

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அக்கா


ஸ்பிரிங்வேல்
27 ஜனவரி 2025

அன்புத் தம்பி,

பொங்கலும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன முறை நான் கடுமையாக எழுதிவிட்டேன். எழுதியதற்காக வருந்தவில்லை, ஆனால் நீ பேசாமல் இருப்பது என்னை வருத்துகிறது. உன் பிரஷர் எப்படி? கௌரி வட்ஸ்அப்பில் பூப்படம் மட்டும் அனுப்புகிறாள், கேட்டதற்குப் பதில் இல்லை.

லக்சிகா இங்கே வந்து இரண்டு கிழமையாகிறது. உனக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தாளாம். நல்லாய்ச் சாப்பிடுகிறாள், அறைக்குள் இருந்து வேலை செய்கிறாள், சனிக்கிழமை என்னோடு மைதானத்துக்கு வருகிறாள். எல்லாம் கதைக்கிறாள். உன் பெயர் மட்டும் வாயில் வருவதில்லை. நான் எடுத்தால் எழும்பிப் போய் உடுப்புக் காயப் போடுகிறாள். காய்ந்த உடுப்பைக்கூடத் திரும்பக் காயப் போடுகிறாள்.

சுகிர்தன் என்னை இப்போது மாமி என்றுதான் கூப்பிடுகிறான். எப்போது மாறினான் என்று கவனிக்கவில்லை. இந்தச் சனிக்கிழமையும் இரண்டு ஸ்ட்ரைக் அவுட். நானும் கை தட்டினேன். ஏன் தட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்று அவள் போகும்போது உன்னிடம் என்ன சொன்னாள்?

அக்கா


நார்த்மீட்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

மருந்து எடுக்கிறேன், அழுத்தம் இறங்கியிருக்கிறது. வீடு அமைதியாக இருக்கிறது. லக்சிகாவின் அறையைக் கௌரி ஒவ்வொரு நாளும் கூட்டுகிறாள்.

அவள் சொன்னதை எழுதுகிறேன். “அவரைத் திருப்பி அனுப்பினா நானும் அவரோட போவன்.” அவ்வளவுதான். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் கோபத்தில் சொன்னாள் என்று விட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

நீங்கள் படகு என்றீர்கள், டயர் கடை என்றீர்கள், கூட்டாளிகள் என்றீர்கள். அப்படியெல்லாம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அக்கா, எனக்குப் பயம். வேறொன்றும் இல்லை. அந்த நாட்டிலிருந்து வெளிக்கிட நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அங்கே இப்போது சண்டை இல்லை என்கிறார்கள், உண்மையாக இருக்கலாம். ஆனாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் இன்னும் வரிசையில் கடைசியாய்ப் போய் நிற்கிறேன், கையில் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் இருந்தும் நிற்கிறேன். திருப்பி அனுப்பப்பட்ட ஒருவனை அங்கே யார் எப்படிக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று நினைக்கவே முடியவில்லை. அவனுக்குப் பக்கத்தில் என் பிள்ளை நிற்பாள். நான் நார்த்மீட்டில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதுதான் ஒவ்வொரு நாளும் என் கண்ணுக்குள் வருகிறது.

கலியாணம் செய்தால் அவள் மூலமாக விசா கிடைக்காதா என்று கேட்டேன். படகில் வந்தவர்களுக்கு அந்த வழி லேசில் இல்லையாம். அதையும் அவள் தெரிந்துதான் வைத்திருக்கிறாள்.

பயம் என்று எழுத வெட்கமாக இருந்தது. ஆகவே வேறு எதையோ எழுதினேன். மூன்றில் ஒன்று என்ற எண்ணைப் பார்த்ததும், இதோ ஒரு குறை அகப்பட்டது, இதைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. பிறகு அந்தக் குறையும் குறை இல்லை என்று நானே கண்டுபிடித்துத் தொலைத்தேன்.

போன கிழமை சுகிர்தனின் ஆட்டத்தைக் கிளப் இணையத்தில் நேரலையாகப் போட்டார்கள். முதல் தடவையாகப் பார்த்தேன். இரண்டு வீச்சுத் தவறியது. நான் கதிரை நுனிக்கு வந்து, மெல்லத் தட்டு, மெல்லத் தட்டு என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். அவர் முழு வீச்சாக வீசினார். பந்து எங்கே போனது என்று கமராவுக்கும் தெரியவில்லை. ஆட்கள் எழும்பி நின்றார்கள், கௌரி குசினியிலிருந்து ஓடிவந்து என்ன என்று கேட்டாள், நான் திரையைக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது. ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை. அந்த விளையாட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆனாலும் சொல்கிறேன். ஓம். கலியாணத்துக்கு எனக்குச் சம்மதம். வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்ப்போம். இதை நீங்களே லக்சிகாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் சொன்னால் இடையில் எங்காவது ஓர் ‘ஆனால்’ போட்டுவிடுவேன்.

சிறிதரன்


ஸ்பிரிங்வேல்
14 பெப்ரவரி 2025

என் தம்பிக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. வாசித்துவிட்டு அழுதேன். அத்தானும் வாசித்தார். லக்சிகாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், இருந்துகொண்டு வாசி.

செவ்வாய்க்கிழமை தீர்ப்பு வந்தது. தள்ளுபடி.

வேலைச் சட்டையோடு நேரே இங்கே வந்தான். அவள் கதவைத் திறந்தாள். அவன் உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே சொன்னான்.

“லக்சி, நீங்கள் சிட்னிக்குப் போங்கோ. வீட்டில அம்மா அப்பாவோட இருங்கோ. இது இதோட நிக்கட்டும்.”

“ஐ ஆம் நாட் கோயிங் எனிவேர்” என்றாள் இவள். இரண்டு பேரும் அழவில்லை. நான்தான் அழுதேன். இவ்வளவு நாளில் அவன் சிரிக்காமல் இருந்து அன்றுதான் கண்டேன். இன்னுமொரு மேல்முறையீடு இருக்கிறதாம், வழக்கறிஞர் செய்யச் சொல்கிறார். அது எத்தனை காலம் இழுக்கும், வெல்லுமா, ஒருவருக்கும் தெரியாது. வெல்வது கடினம் என்று அவரே சொல்லிவிட்டார்.

போகும்போது என்னைக் காருக்குக் கிட்டக் கூப்பிட்டு, இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டான்.

“மாமா முதல் தன்ர பதிலைச் சொல்லட்டும், மாமி. இதைச் சொன்னா ஒண்டில் பாவம் பார்த்து ஓம் எண்டுவார், இல்லாட்டிப் பயந்து இல்லை எண்டுவார். ரெண்டும் அவற்ற பதில் இல்லை.”

நான் சரி என்றேன். இப்போது அந்த வாக்கை மீறி எழுதுகிறேன். அவன் எனக்கு எவ்வளவு பிடித்துப்போனாலும் நான் உனக்கு அக்கா.

நீ ஞாயிற்றுக்கிழமை எழுதிய ஓம், இது தெரியாமல் எழுதிய ஓம். அன்று கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. இன்று அது இல்லை. நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எழுதினாயோ அது வாசலுக்கு வந்துவிட்டது. உன் கடிதம் அரிசிப் பேணிக்குள் இருக்கிறது. அது வந்தது அவள் அறியமாட்டாள். வேண்டாம் என்று ஒரு வரி எழுது, அடுப்பில் போட்டுவிடுகிறேன். வரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் உன்னைக் குறை நினைக்கமாட்டேன். எது சரி என்று எனக்கே தெரியவில்லை.

போன் எடுக்காதே. நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், பிள்ளைக்குக் கேட்டுவிடும்.

அக்கா


நார்த்மீட்
18 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

நேற்று உங்கள் கடிதம் வந்தது. நான் சுகமாக இல்லை. கௌரி தன் கழுத்து நோவையே மறந்துவிட்டாள்.

அவளுக்கு உரத்து வாசித்தேன். முடித்ததும் என்னைக் கேட்டாள்.

“நீங்கள் ஓம் எண்டு எழுதேக்க அவருக்கு நிரந்தர விசா இருந்ததோ?”

“இல்லை.”

“இப்ப இருக்கோ?”

“இல்லை.”

“அப்ப என்ன மாறினது?”

எவ்வளவோ மாறிவிட்டது. சாத்தியம் என்பதை எண்ணால் எழுதிப் பழகியவன் நான், இது எவ்வளவு சுருங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். இன்று காலை வேலைக்குப் போகவில்லை. இந்த மேசையில் இருந்து இரண்டு பதிலையும் எழுதிப் பார்த்தேன். வேண்டாம் என்று எழுதிய தாளை வாசித்தபோது, அதற்குப் பிறகு என் மகளுக்கு நான் யார் என்று யோசித்தேன். அவளோ எப்படியும் போவாள். நான் வழியனுப்ப நிற்பேனா, அல்லது அதையும் கேள்விப்படுவேனா என்பதுதான் என் கையில் இருக்கிறது.

பயம் குறையவில்லை, கூடியிருக்கிறது. 

அந்தக் கடிதத்தை எரிக்க வேண்டாம். பழைய திகதியில், ஒன்றும் தெரியாமல் எழுதியதாகவும் அதைக் கொடுக்க வேண்டாம். இப்போது எல்லாம் தெரிந்துகொண்டு எழுதுகிறேன். ஓம். வைகாசிவரை பார்த்திருக்கவும் வேண்டாம்.

நானும் கௌரியும் நாளைக் காலை விமானத்தில் வருகிறோம். இதை இன்று தபாலில் போட்டாலும் எங்களுக்குப் பிறகுதான் உங்கள் வீட்டுக்கு வரும். அது தெரிந்தே போடுகிறேன். நேரில் என் வாயை எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்கள் இருவரையும் ஒன்றாகக் கண்டதும் நான் தடுமாறலாம். நாளையோ மறுநாளோ பயந்துபோய், இது சரிவராது என்று வேறு கதை கதைக்கலாம்.

ஆகவே இது வந்து சேர்ந்ததும் மருமகனின் கையில் கொடுத்துவிடுங்கள். நான் மாற்றிக் கதைக்கத் தொடங்கினால், எடுத்து எனக்கே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
சிறிதரன்